பார்த்த வரைக்கும்

அக்காவிடம் பஸ் போய்விட்டதா என்று மட்டும் கேட்கக் கூடாது. மாலையில் வேலை முடிந்து நாங்கள் இருவரும் லஸ் நிறுத்தத்தில் ஒன்றாக நிற்போம். அவருக்கு ராயப்பேட்டை பக்கம், எனக்கு மந்தைவெளி. நடந்தே போகலாம், சோம்பல். யாராவது மூச்சு வாங்க ஓடிவந்து, "பெசன்ட் நகர் பஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டால் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "நான் அஞ்சு பதினேழுக்கு வந்தேன். அதுக்கப்புறம் போகலை," என்பார். கேட்டவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார். நான் உடனே, "வந்துடும், வந்துடும், நில்லுங்க," என்பேன். பஸ் வருமா வராதா என்று எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த மனிதர் முகம் தெளிந்துவிடும். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இந்த ஒரு நிறுத்தமே போதும்.

லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லேப். நான் கவுண்டரில். சாம்பிள் வாங்குவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது, கவரில் போட்டுக் கொடுப்பது என் வேலை. அக்கா கடைசி அறையில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால். உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகம் தட்டுகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். அதற்குப் பிறகு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். லேபில் எல்லோருக்கும் அவர் மேடம், எனக்கு மட்டும் அக்கா. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "அது நான்தான்னு யாரு பாத்தா?" என்று கேட்பார்.

"ஒண்ணுமில்லை" என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. "இருக்கும்", "இருக்காது", "ஆயிடும்", "போயிடும்" எல்லாமே அவர் வீட்டில் தடை செய்யப்பட்ட சொற்கள். பார்த்தேன், பார்க்கவில்லை, பார்த்த வரைக்கும். இந்த மூன்றை வைத்தே முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார். மதியம் என் டிபன் பாக்ஸிலிருந்து ரசம் ஊற்றி, "உப்பு சரியா இருக்காக்கா?" என்று கேட்பேன். "இன்னும் வாயில வைக்கலை." வைத்த பிறகு கேட்டால், "இந்தக் கரண்டியில சரியா இருக்கு." அடுத்த கரண்டிக்கு உத்தரவாதம் கிடையாது.

அவர் தன்னுடைய அக்கா தங்கைகளுடன் போனில் உருதுவில் பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன். "மை நை தேக்கி." நான் பார்க்கவில்லை. அத்தனை தடவை அது வந்தது. எந்த மொழியில் பேசினாலும் மனுஷி மாறவில்லை.

எங்கள் அட்டெண்டர் தேவராஜ் ஊரூர் குப்பத்துக்காரர். சில நாள் காலையில் கூடையில் மீன் கொண்டுவந்து லேபிலேயே வியாபாரம் பார்ப்பார். "இப்பதான் கரை ஏறுன வஞ்சிரம் மேடம். உசுரு கீது இன்னும்," என்பார்.

"ஏறும்போது நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல மேடம். எம் மச்சான் பாத்தான்."

"அப்ப மச்சானை வரச் சொல்லுங்க, அவரே ரிப்போர்ட் குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அக்கா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு இரண்டு வாங்கிக்கொள்வார். "இன்னாம்மா இது, மீனுக்கே டெஸ்டு எடுக்குது," என்று தேவராஜ் என்னிடம் வந்து அலுத்துக்கொள்வார். ஆனால் அடுத்த தடவையும் முதல் கூடையை அவரிடம்தான் கொண்டுபோவார்.

ஸ்லைடு பார்க்கும்போது அவரைக் கவனித்திருக்கிறேன். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை போவார். இம்மி கீழே இறக்கி, மறுபடி ஓரத்திலிருந்து ஓரம். ஒரு பட்டை விடாமல் வீடு துடைப்பது மாதிரி. நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதனால் தேவராஜ் டீயை வைத்துவிட்டு அடி வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிடுவார். டீ ஆறி, ஏடு கட்டி, சாயங்காலம் அப்படியே தொட்டிக்குப் போகும்.

என் பெண் ஒன்பதாவது படித்தபோது ஒரு நாள் செல் படம் வரைந்துகொண்டிருந்தாள். நீள்வட்டமாக ஒரு கோடு, நடுவில் உட்கரு, அதைச் சுற்றி பலகாரத் தட்டு மாதிரி ஏழெட்டு வகை. தினமும் செல்லோடு குடித்தனம் நடத்துகிற ஆள் கைவசம் இருக்கும்போது கவலை என்ன என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். அக்கா பென்சிலை எடுத்தார். உட்கருவுக்கு ஒரு டிக். அதற்குள் இருந்த உட்கருமணிக்கு ஒரு டிக். சைட்டோபிளாசத்துக்கு ஒரு டிக். சுற்றியிருந்த படலத்துக்கு, "ஓரம் தெரியும்," என்று சொல்லி அரை டிக். மைட்டோகாண்டிரியாவுக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

"இதை நான் பாத்ததில்லை."

"என்னக்கா இது! செல்லுக்குச் சக்தி குடுக்கறதே அதுதானாம். ஊருக்கே தெரியும்."

"இருக்குன்னு பெரிய மிஷின்ல பாத்தவங்க எழுதியிருக்காங்க, அவங்க பாத்தது சரிதான். என் மிஷின்ல, நான் போடற சாயத்துல தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு மைட்டோகாண்டிரியா என் கண்ணுல பட்டதில்லை."

புரதம் செய்கிற ரிபோசோமுக்கும் இதே கதி. லைசோசோமுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். "இந்தப் பை தெரியாது. பை செய்யற வேலை தெரியும். நுரையீரல்ல ஒரு செல் இருக்கு, நாம இழுக்கற தூசியெல்லாம் தின்னும். தின்னதை இந்தப் பைகள்தான் கரைக்கும். கரி கரையாது, உள்ளேயே கருப்பா தங்கிடும். அந்தக் கருப்பை நான் தினமும் பாக்கறேன்."

கோல்கை உறுப்புக்கு வந்ததும் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மைக்ராஸ்கோப்பில் ஒரு செல்லை நிறுத்திக் காட்டினார். உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதன் பக்கத்தில், சுற்றிலும் சாயம் ஏறியிருக்க, ஒரு சின்ன இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. "செல்லு செய்யற சரக்கை மடிச்சுக் கட்டி வெளிய அனுப்பற இடம் கோல்கி. அது உக்காந்திருக்கற எடத்துல சாயம் ஏறாது, பாரு."

"அப்ப கோல்கியைப் பாத்துட்டீங்க!"

"கோல்கி இருக்கற எடத்தைப் பாத்தேன்."

நோட்டை மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தில் தாவர செல் வேறு இருந்தது. அதைக் காட்டுகிற தைரியம் எனக்கு வரவில்லை. அக்கா டிக் போட்டபடி பரீட்சை எழுதியிருந்தால் என் பெண் இன்னும் ஒன்பதாவதிலேயே உட்கார்ந்திருப்பாள்.

கவுண்டரில் நான் செய்ததெல்லாம் இதற்கு நேர் எதிர். கவரை வாங்குகிறவர்கள் அதைப் பிரிக்காமல் என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்குப் பொறுக்காது. "ஒண்ணும் இருக்காதும்மா, தைரியமா போங்க," என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்வேன். புண்ணியம் செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஓர் அம்மாளுக்கு அப்படிச் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தில், என் கையை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, ரிப்போர்ட்டைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே டாக்டர், ஒரு வாரத்தில் வந்து இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தேவராஜ் கவரோடு லஸ் நிறுத்தம் வரை ஓடி, ஏறப்போனவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா அறையிலிருந்து வெளியே வந்தார். "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நீ பாத்தியா?"

"இல்லைக்கா. பாவமா இருந்துது, அதான்..."

"பாவம்தான். அதனாலதான் கேக்கறேன்."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. கல்லை முழுங்கிவிட்டுப் பிறந்த மனுஷி என்று தேவராஜிடம் சொன்னேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. என் வீட்டுக்காரருக்கு நந்தனத்தில் ஆபீஸ். தினமும் ஸ்கூட்டரில் அந்தப் புழுதியில் நீந்திப் போய்விட்டு வருவார். இருமல் பிடித்தது. ஒரு மாதமாகியும் விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் ஏதோ நிழல் தெரிகிறது என்றார்கள். டிபி இருக்கிறதா, கேன்சர் செல் ஏதாவது இருக்கிறதா என்று சளியைப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "ஒண்ணும் இருக்காதுன்னா. வெறும் தூசி," என்றேன்.

சளி டப்பாவை நீட்டும்போது கவுண்டரில் நான் ஒப்பிக்கிற பாட்டு ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும், ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும், எச்சில் கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்றைக்கு வீட்டில் மட்டும் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் லேப்காரியோடு வாழ்ந்தவருக்குத் தெரியாதா என்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். நவராத்திரி மூன்றாம் நாள். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற அலுப்பு வேறு.

அக்கா அன்று லேபில் இல்லை. வாணியம்பாடியில் தங்கை மகளுக்குக் கல்யாணம், நாலு நாள் லீவு. போவதற்கு முன் நான், "மாப்பிள்ளை எப்படிக்கா?" என்று கேட்டிருந்தேன். "போட்டோவைப் பாத்தேன். மாப்பிள்ளையைப் பாக்கலை," என்றார். அந்தப் பெண்ணை அக்காதான் தூக்கி வளர்த்தவர். அவருக்குச் சொந்தக் குழந்தை இல்லை. அக்கா ஊரில் இல்லாததால் ஸ்லைடை டாக்டரே நேரடியாகப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் பென்சிலில் எழுதிய தாள்கள் டைப் அடிக்க வந்தன. என் வீட்டுக்காரருக்கு டிபி இல்லை என்று தனியாக ஒரு தாள். நாலாவது தாளிலும் அவர் பெயர்தான். பெரிய, கருத்த, சந்தேகத்துக்குரிய செல்கள் தென்படுகின்றன, இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் ஆயிரம் பேருக்கு அடித்த வரிதான். விரல் அந்த வரியில் நகரவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பெண்களின் பாட்டும் சிரிப்புமாக ஒரே அமளி.

"என்ன எழுதியிருக்கு, அப்படியே படி," என்றார். படித்தேன். "எத்தனை ஸ்லைடு?" என்றார். நாலு என்றேன்.

"ஒண்ணும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. உங்க வாயால சொல்லுங்க, போதும்."

"நான் பாக்கலியேம்மா," என்றார். போன் துண்டித்துவிட்டது.

அந்த நிமிஷத்தில் அக்கா மேல் எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் யார் மேலும் வந்ததில்லை. வீட்டுக்குப் போய், ரிப்போர்ட் இன்னும் தயாராகவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, கொலுவுக்கு வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசினேன். பக்கத்து அறையில் அவர் இருமும்போதெல்லாம் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப் அரை நாள்தான். ஒன்பதே முக்கால் மணிக்கு அக்கா படியேறி வந்தார். தோளில் ஊர்ப் பை, கையில் மருதாணி சிவப்பு அப்படியே இருந்தது. நான் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. பையை மூலையில் வைத்தார், கையைக் கழுவினார், "ஸ்லைடு எங்க?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம். நான் கவுண்டரில் யாருக்கு என்ன ரசீது எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

கதவு திறந்தது. "உன் வீட்டுக்காரர் சாம்பிள் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமில்லைக்கா. வெறும் வயிறு."

"நீ பாத்தியா?"

"வீட்டுல இதெல்லாம் நின்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

"வா. வந்து பாரு."

கண்ணை வைத்தேன். வாயிலிருந்து வந்த சாதாரண செல்கள் மெல்லிய தோலோடு மடங்கியும் சுருங்கியும் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் பெரிய பெரிய செல்கள் தடித்த கரை போட்டு விறைப்பாக நின்றன. உள்ளே கருத்த உருண்டைகள் அடைத்திருந்தன. பார்க்கவே பயமாக இருந்தது.

"அந்தக் கரையைப் பாரு. அது சுவர். நம்ம உடம்புல எந்த செல்லுக்கும் சுவர் கெடையாது. தோலுதான், அதுவும் வளைஞ்சு குடுக்கற தோலு. இப்படிச் சுவர் கட்டிக்கிட்டு நிக்கறது செடி. உள்ள கருப்பா இருக்கறது மாவுன்னு நெனக்கறேன்." அக்கா வாயிலிருந்து "நெனக்கறேன்" வந்ததைக் கவனித்தேன். அது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. சாயம் போடாமல் மீதி வைத்திருந்த ஸ்லைடை எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டார். மறுபடி பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையெல்லாம் நீலக் கருப்பாகியிருந்தது. "மாவுதான். என்ன செடின்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போன் போட்டுக் கேளு."

போட்டேன். "ஏன்னா, அன்னிக்கு சளி குடுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டேள்?"

"ஒண்ணும் சாப்பிடலையே. காப்பிகூடக் குடிக்கலை." கொஞ்சம் யோசித்தார். "ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பக்கத்தாத்து சுண்டல் இருந்தது. ரெண்டு கை வாயில போட்டுண்டேன். அது சாப்பிட்டதுல சேருமா என்ன?"

கொண்டைக்கடலைச் சுண்டல். அதைத்தான் கேன்சரோ என்று ஒரு டாக்டரும், விடிய விடிய நானும் பயந்திருக்கிறோம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப ஒண்ணுமில்லை! ஒண்ணுமில்லைதானேக்கா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டார். "இந்த செல்லு கடலை. அதை மட்டும்தான் பாத்தேன். நெஞ்சுச் சளியே இதுல வரலைம்மா. தூசி தின்ன செல் ஒண்ணுகூட இல்லை. அது இருந்தாத்தான் நுரையீரல்லேர்ந்து வந்ததுன்னு எடுத்துக்கலாம். இது வெறும் வாய். இன்னும் மூணு நாள் காலையில குடுக்கச் சொல்லு."

"மூணு நாளா? அதுவரைக்கும் நான் என்ன செய்யறது? ஒரு வார்த்தை, ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்ன கொறைஞ்சுடும்? மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

லேபே திரும்பிப் பார்த்தது. அக்கா முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "அதை நான் பாத்ததில்லைம்மா," என்று சொல்லிவிட்டு, புது டப்பாக்கள் மூன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கொடுத்தார். அயோடின் போட்ட ஸ்லைடை மறுநாள் டாக்டர் மேஜையில் வைத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, பென்சிலில் எழுதியதைத் தானே அழித்தார்.

அடுத்த மூன்று காலையும் நான் குளியலறை வாசலில் காவல் நின்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் கைப்பிடியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தேன். "நான் என்ன திருடனா?" என்று அவர் முணுமுணுத்தார். "கொப்பளிங்கோ. இன்னொரு தடவை. நெஞ்சுலேர்ந்து, நெஞ்சுலேர்ந்து," என்று நான் வாசலில் நின்று கத்தியதில் மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள். டப்பாவைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்து, கேட்பதற்கு முன்பே, "பாத்தேன்," என்றேன். தலையை ஆட்டினார்.

புதன்கிழமை மதியம். கவுண்டரில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அக்கா தன் அறையை விட்டு எழுந்து, வராண்டாவைத் தாண்டி, கூட்டத்துக்குள் புகுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"மூணு நாள், பன்னெண்டு ஸ்லைடு. ஓரத்துலேர்ந்து ஓரம் ரெண்டு தடவை பாத்தேன். தூசி தின்ன செல் நெறைய வந்திருக்கு, அண்ணா சாலையே உள்ள இருக்கு. பாத்த வரைக்கும் கெட்ட செல் இல்லை."

நான் அத்தனை பேர் முன்னாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு நானே எத்தனையோ "ஒண்ணும் இருக்காது" சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. இது இறங்கியது. அந்த நிழலும் அடுத்த எக்ஸ்ரேயில் இல்லை, இருமலும் தீபாவளிக்குள் போய்விட்டது.

அழுது முடித்து, முகத்தைக் கழுவி, டீயை நானே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மன்னிப்பு கேட்கத் தெரியாமல் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "கல்யாணம் எப்படி நடந்துது? மாப்பிள்ளை எப்படிக்கா?"

"நான் பாக்கலைம்மா," என்றார், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடியே வெளியே வந்தேன். "கேட்டீங்களா தேவராஜ், கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தும் மாப்பிள்ளையைப் பாக்கலையாம். இன்னும் எத்தனை ஸ்லைடு போட்டுக் காட்டணுமோ!"

தேவராஜ் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரியாதாம்மா? நிக்கா ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்குத்தான். மேடம் அன்னிக்கி விடிகாலம் ரயிலைப் புட்சி இங்க வந்துச்சி. நீ இந்தாண்ட கத்திக்கினு இருந்தப்ப அங்க தாலி... அதான், அவங்க கல்யாணம் நடந்துகினு இருந்திச்சி. போனு அடிச்சிக்கினே கெடந்துச்சி பையில. நான் பாத்தேன்."

கவுண்டரில் வந்து உட்கார்ந்தேன். எதிரில் நின்றவர் ரசீதை நீட்டிக்கொண்டே இருந்தார், வாங்கத் தோன்றவில்லை. தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை விட்டுவிட்டு, நாலு ஸ்லைடு பார்க்க வந்திருக்கிறார். வந்த இடத்தில் மனசு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அக்காவின் மனசை நான் பார்த்ததில்லை. அது இருக்கிற இடத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கவுண்டரில் நான் யாருக்கும் "ஒண்ணும் இருக்காது" சொன்னதில்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் உள்ளே பாக்கலை," என்று சொல்லிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் கையைப் பிடித்துக்கொள்வேன். புதிதாக வந்த பெண்கள் என்னைக் கல் மனசுக்காரி என்கிறார்களாம்.

அக்கா ஓய்வு பெற்று ரொம்ப வருஷமாகிவிட்டது. வேளச்சேரியில் அந்தத் தங்கை மகள் வீட்டோடு இருக்கிறார். கண்ணில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கிறாராம் என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், அவர் ஒரு டப்பா சுண்டலை எடுத்து வந்தார்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார் அக்கா. என் வீட்டுக்காரரை ஜன்னல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். ஒரு தடவை இருமிக் காட்டச் சொன்னார். சுண்டல் டப்பாவைத் திறந்து, ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து நாலு டம்ளர் டீயைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஒருவர் வந்தார். காதோரம் நரைத்திருந்தது. "காலாம்மா, சூடா இருக்கு, பாத்து," என்று சொல்லி, அக்காவின் விரல்களைப் பிடித்து டம்ளரில் சேர்த்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"மாப்பிள்ளை எப்படிக்கா?"

அக்கா டீயை ஒரு வாய் குடித்தார். அவர் சூடாக டீ குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாத்த வரைக்கும் நல்லவருதாம்மா," என்றார்.